கண்ணால் பேசியவர் மாற்றிய விதி: ஸ்டீவ் கிளீசன், ஒரு நிகழ்வு ஆய்வு

2014 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் மெடிகேர் திட்டத்தில் ஒரு கட்டண விதி மாறியது. முதியவர்களுக்கும் உடல் இயலாமை உள்ளவர்களுக்கும் அந்நாட்டு அரசு நடத்தும் மருத்துவக் காப்பீடுதான் மெடிகேர். பேச்சை இழந்தவர்கள் எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் அதைக் குரலாக்கிச் சொல்லும் கருவிகள் உண்டு. அதுவரை அந்தக் கருவியை நோயாளி ஒரேயடியாக வாங்கிக்கொள்ள மெடிகேர் பணம் கொடுத்தது. புதிய விதிப்படி கருவி 13 மாதம் வாடகையில் இருக்கும், அதன் பிறகே நோயாளிக்குச் சொந்தமாகும். அந்த 13 மாதத்துக்குள் அவர் மருத்துவமனையிலோ, பராமரிப்பு இல்லத்திலோ, ஹாஸ்பிஸ் என்னும் இறுதிக்காலப் பராமரிப்பிலோ சேர்ந்தால் வாடகைப் பணம் நின்றுவிடும். பணம் நின்றால் கருவியும் கைவிட்டுப் போகும்.

காகிதத்தில் பார்த்தால் சின்ன மாற்றம்தான். வேறு பல மருத்துவச் சாதனங்களுக்கு ஏற்கெனவே இருந்த வாடகைமுறையை இதற்கும் நீட்டினார்கள். ஆனால் வாய் பேச முடியாத ஒருவர் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். மூச்சுக்குழாயில் சளி அடைக்கிறது, முதுகுக்கடியில் துணி மடிந்து உறுத்துகிறது, இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பேச்சு மிக அவசரமாகத் தேவைப்படும் இடம் அதுதான். விதி அந்த இடத்தில் குரலைப் பிடுங்கியது.

இந்த விதியை 2015இல் ஒரு சட்டம் திருத்தியது. அதன் பெயர் ஸ்டீவ் கிளீசன் சட்டம். கிளீசன் வழக்கறிஞர் இல்லை, மருத்துவரும் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். அந்த அணியின் நட்சத்திரமாகக்கூட இருந்ததில்லை. அவர் பெயர் எப்படி ஒரு சட்டத்தின் தலைப்புக்குப் போனது என்பதைத்தான் இங்கே தொடக்கத்திலிருந்து பார்க்கப்போகிறேன்.

ஆட்டக்காரர்

கிளீசன் 1977இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் பிறந்தார். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2000ஆம் ஆண்டு அவரை யாரும் எடுக்கவில்லை. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் தனியாக ஒப்பந்தம் செய்து, பிறகு விடுவித்தது. அதே ஆண்டின் இறுதியில் செயின்ட்ஸ் அணியில் இடம் கிடைத்தது. அவர் வேலை பெரும்பாலும் ஸ்பெஷல் டீம்ஸில், அதாவது பந்தை உதைக்கும் கட்டங்களுக்காக மட்டும் களமிறங்கும் குழுவில். ரசிகர்கள் தண்ணீர் குடிக்க எழுந்துபோகும் நேரத்தில் ஆடுகிறவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம். முழு வேகத்தில் ஓடி முழு வேகத்தில் மோதுவதே இவர்கள் பிழைப்பு.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் கரையேறியது. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. செயின்ட்ஸ் அணியின் உள்ளரங்கான சூப்பர்டோமில் பல்லாயிரம் பேர் தஞ்சம் புகுந்தார்கள். கூரை பிய்ந்தது, மின்சாரம் போனது, கழிப்பறைகள் நிரம்பி வழிந்தன. உலகம் தொலைக்காட்சியில் கண்ட அவலத்தின் முகமாக அந்தக் கட்டடம் ஆகிவிட்டது. அந்தப் பருவம் முழுக்கச் செயின்ட்ஸ் அணிக்குச் சொந்த மைதானம் இல்லை. சான் அந்தோனியோவிலும் பேட்டன் ரூஜிலும் ஆடியது, 16 ஆட்டங்களில் 13 தோற்றது. அணி திரும்பி வருமா, நிரந்தரமாகவே ஊர் மாறிவிடுமா என்று நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் கவலைப்பட்டார்கள். வீட்டையே இழந்த ஊருக்கு ஒரு விளையாட்டு அணி எதற்கு என்று வெளியே இருப்பவர் கேட்கலாம். கோயில் திருவிழா நின்றுபோன ஊரைப் பார்த்தவர் அப்படிக் கேட்க மாட்டார்.

2006 செப்டம்பர் 25, திங்கட்கிழமை இரவு. பழுது பார்த்த சூப்பர்டோமில் முதல் ஆட்டம், எதிரே பரம எதிரியான அட்லாண்டா ஃபால்கன்ஸ். எழுபதாயிரம் பேர் கூடியிருந்தார்கள். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். மூன்றிலும் முடியாவிட்டால் நான்காவதில் பந்தை உயர உதைத்துத் தொலைவில் தள்ளிவிடுவார்கள், அதுதான் பண்ட். ஃபால்கன்ஸ் தன் முதல் வாய்ப்பிலேயே அந்த நிலைக்கு வந்தது. ஆட்டம் தொடங்கி ஒன்றரை நிமிடம் ஆகியிருந்தது. மைக்கேல் கோனன் உதைக்கக் காலைத் தூக்கியபோது, தடுப்பாளர்கள் நடுவே திறந்த இடைவெளி வழியாகப் புகுந்த கிளீசன் இரு கைகளையும் நீட்டியபடி பாய்ந்தார். பந்து அவர் கையில் பட்டுப் பின்னால் உருண்டது. கர்டிஸ் டிலோச் அதன்மேல் விழுந்து புள்ளிகளை எடுத்தார். செயின்ட்ஸ் 23-3 என வென்றது.

அரங்கில் எழுந்த சத்தத்தை அங்கிருந்தவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். ஓர் ஆண்டுக்கும் மேலாக அடக்கிவைத்திருந்த அழுகையும் அதில் கலந்திருந்தது. 2012இல் சூப்பர்டோமுக்கு வெளியே அந்தப் பாய்ச்சலை வெண்கலச் சிலையாக வைத்தார்கள். பெயர், 'மறுபிறப்பு'.

2008இல் கிளீசன் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த மிஷெல் வரிஸ்கோவை மணந்தார். செயின்ட்ஸ் 2010 பிப்ரவரியில் பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றபோது அவர் அணியில் இல்லை.

நோயாளி

தோளிலும் கையிலும் தசைத் துடிப்பு. அதிலிருந்துதான் தொடங்கியது. 2011 ஜனவரியில் ஏஎல்எஸ் என்று உறுதியானபோது அவருக்கு வயது 33. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய் இது. கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சை இழுக்கும் தசைகள் என ஒவ்வொன்றாக ஓயும். பெரும்பாலானோருக்குச் சிந்தனை தெளிவாகவே இருக்கும். அறிகுறி தோன்றியதிலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் என்பதே வழக்கமான கணக்கு. 1939இல் பேஸ்பால் வீரர் லூ கெரிக்கை முடக்கியதும் இதே நோய்தான், அமெரிக்காவில் இன்றும் அவர் பெயராலேயே இதை அழைக்கிறார்கள்.

நோய் தெரிந்த சில வாரங்களிலேயே மிஷெல் கருவுற்றிருப்பது தெரிந்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்காகக் கிளீசன் தன்னைத் தானே காணொளியில் பதியத் தொடங்கினார். பேச முடியும் காலத்துக்குள் ஓர் அப்பா சொல்லித்தர வேண்டியதை எல்லாம் சொல்லிவைக்கும் அவசரம் அது. மகன் ரிவர்ஸ் அந்த அக்டோபரில் பிறந்தான்.

2011 செப்டம்பர் 25 அன்று, அந்த பண்ட் தடுப்புக்குச் சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, தன் நோயை ஊருக்கு அறிவித்தார். சூப்பர்டோமில் நின்று ரசிகர்களின் வழக்கமான முழக்கத்தைத் தானே தொடங்கிவைத்தார். அதே ஆண்டில் அவரும் மிஷெலும் டீம் கிளீசன் அறக்கட்டளையை நிறுவினார்கள். வெள்ளைக் கொடி கிடையாது என்பது அதன் முழக்கம். ஏஎல்எஸ் நோயாளிகளைப் பயணங்களுக்கு அனுப்புவது, கருவிகள் வாங்கித் தருவது, நியூ ஆர்லியன்ஸில் நோயாளிகள் தங்கள் அறைக் கதவையும் விளக்கையும் தாங்களே கண்ணால் இயக்கக்கூடிய ஓர் இல்லத்தை அமைக்கத் துணைநின்றது என்று அதன் வேலைகள் விரிந்தன. இல்லத்துக்கான முன்மாதிரி மாசச்சூசெட்ஸில் இருந்தது. ஸ்டீவ் சேலிங் என்னும் நிலவமைப்புக் கலைஞர், தானே ஏஎல்எஸ் நோயாளியாக இருந்துகொண்டு திட்டமிட்ட இல்லம் அது.

மருந்து வரும்வரை தொழில்நுட்பமே மருந்தாக இருக்க முடியும் என்பது கிளீசன் மேடைதோறும் சொன்ன கருத்து. இதில் ஓர் உடலியல் உண்மையும் இருக்கிறது. ஏஎல்எஸ் மற்ற தசைகளை அழித்தாலும் கண்ணை அசைக்கும் நரம்பணுக்களைப் பெரும்பாலும் கடைசிவரை விட்டுவைக்கிறது. ஏன் என்று ஆய்வாளர்கள் இன்றும் துருவிக்கொண்டிருக்கிறார்கள். எதிரே இருக்கும் கருவி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விழிமீது வீசும். ஒளி கண்ணின் முன்புறத் தெளிந்த படலத்தில் பட்டு மினுங்கும் புள்ளிக்கும் பாவையின் நடுவுக்கும் உள்ள இடைவெளியைக் கேமரா அளந்து, பார்வை திரையில் எந்த இடத்தில் விழுகிறது என்று கணிக்கும். ஒரு எழுத்தின்மேல் பார்வை சில நொடிப்பின்னம் நின்றால் அந்த எழுத்து பதிவாகும். எழுத்து எழுத்தாகச் சொல், சொல் சொல்லாகப் பேச்சு. நாம் ஒரு மூச்சில் சொல்லிவிடுவதைச் சொல்ல அவர்களுக்குப் பொறுமையாக ஒரு நிமிடம் பிடிக்கும்.

2013 ஜூனில் கிளீசன் இப்படிக் கண்ணால் எழுதிய ஒரு கட்டுரை, பிரபலமான கால்பந்துத் தொடர்பத்தி ஒன்றில் விருந்தினர் கட்டுரையாக வெளியானது. அன்றே அட்லாண்டாவின் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் அவருடைய இயந்திரக் குரலைப் போலப் பேசிக் கேலி செய்தார்கள். தொகுப்பாளர்கள் அன்றே வேலை இழந்தார்கள். அவர்கள் கேட்ட மன்னிப்பைக் கிளீசன் ஏற்றுக்கொண்டார். இதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. அந்தக் குரலை ஓர் இயந்திரத்தின் சத்தமாக மட்டும் கேட்கிற பழக்கம், வானொலிக்காரர் சிலரோடு முடிந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு வந்த வாடகை விதிக்குள்ளும் அதே பழக்கம்தான் ஒளிந்திருந்தது. கருவியைக் கட்டிலோடும் ஊன்றுகோலோடும் சேர்த்து எண்ணியவர்களுக்கு அது ஒருவருடைய குரல் என்று தோன்றவில்லை.

விதியும் சட்டமும்

2014 பிப்ரவரி 2, சூப்பர் பௌல் ஒளிபரப்பு. மைக்ரோசாஃப்ட்டின் விளம்பரத்தில் பின்னணிக் குரல் கொடுத்தவர் கிளீசன், தன் கருவி வழியாக. அமெரிக்கா முழுக்க அந்தக் குரலைக் கேட்டது. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து வாடகை விதி நடைமுறைக்கு வந்தது.

சிக்கல் வாடகையோடு நிற்கவில்லை. மெடிகேர் பணம் தரும் கருவி பேசுவதற்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்ற நிபந்தனை பழையது. அதுவரை பலர் கருவியை முதலில் பேச்சுக்காகப் பெற்று, பிறகு தங்கள் சொந்தச் செலவில் மின்னஞ்சலையும் தொலைபேசியையும் அதில் திறந்துகொண்டார்கள். 2014 தொடக்கத்தில் அதையும் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. கண்ணைத் தவிர எதையும் அசைக்க முடியாத ஒருவர், பக்கத்தில் நிற்பவரோடு பேசலாம், வெளியூரில் இருக்கும் மகளுக்கு எழுதக் கூடாது! இன்னொரு பக்கம், கண் அசைவைப் படிக்கும் துணைக்கருவிக்கான விண்ணப்பங்கள் அடிக்கடி நிராகரிக்கப்பட்டன. பேசும் பெட்டி கிடைக்கும், அதை இயக்கும் வழி கிடைக்காது.

இதில் மெடிகேர் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஏஎல்எஸ் நோயாளிகளில் பலர் 65 வயதுக்குக் குறைந்தவர்கள். மற்ற இயலாமைகளுக்கு மெடிகேர் கிடைக்க 24 மாதம் காத்திருக்க வேண்டும். ஏஎல்எஸ் நோயாளிகளில் பலர் அந்தக் காத்திருப்பிலேயே இறந்துபோவதால் 2001இல் அவர்களுக்கு மட்டும் அந்தக் காலம் நீக்கப்பட்டது. நேரம்தான் இந்த நோயில் எல்லாம் என்பதை அரசு ஒருமுறை ஒப்புக்கொண்டிருந்தது. பிறகு 13 மாதக் கணக்கை எழுதியபோது அதை மறந்துவிட்டது.

நோயாளி அமைப்புகளும் பேச்சுச் சிகிச்சையாளர்களும் உடனே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் உழைப்பைச் சொல்லாமல் கிளீசனை மட்டும் சொன்னால் இந்த ஆய்வு பொய்யாகிவிடும். விதியின் எந்த வரி யாரை எப்படிப் பாதிக்கிறது என்பதைப் புள்ளிவைத்துக் காட்டியவர்கள் அவர்கள். கிளீசன் கொண்டுவந்தது வேறு. நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்தில் எந்தக் கட்சிக்காரரும் கதவைச் சாத்த முடியாத பெயர். நாடாளுமன்ற மேலவையில் மசோதாவை முன்னெடுத்தவர் லூசியானாவின் டேவிட் விட்டர். கீழவையில் நியூ ஆர்லியன்ஸ் பகுதியின் ஸ்டீவ் ஸ்கலீஸும், கிளீசன் பிறந்த ஸ்போகேன் தொகுதியின் கேத்தி மெக்மாரிஸ் ராஜர்ஸும். இவர்கள் குடியரசுக் கட்சியினர். ஜனநாயகக் கட்சியின் ஏமி குளோபுச்சார் போன்றோரும் சேர்ந்தார்கள். பிறந்த மண்ணும் ஆடிய மண்ணும் சேர்ந்து தூக்கிய மசோதா என்று சொல்லலாம். அந்த ஆண்டுகளில் அந்த நாடாளுமன்றத்தில் இரு கட்சிகளும் மருத்துவக் காப்பீடு என்ற சொல்லைக் கேட்டாலே கைகலப்புக்கு நிற்கும் நிலை. ஒபாமா கையெழுத்திட்ட நாள் 2015 ஜூலை 30.

சட்டத்தின் உள்ளடக்கம் மிகச் சிறியது. பேச்சுக் கருவி வாடகை முறையிலிருந்து விலக்கப்பட்டது, கண் அசைவுத் துணைக்கருவிக்கும் பணம் கிடைக்க வழி செய்யப்பட்டது. மின்னஞ்சல் தடை அதற்கு முன்பே, 2014 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டிருந்தது. சட்டம் கையெழுத்தான அதே வாரத்தில் மெடிகேர் தன் வரையறையையும் மாற்றி, மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் தொலைபேசியும் பேச்சில் அடக்கம் என்று ஏற்றது. எனக்கு இந்த வரையறை மாற்றமே சட்டத்துக்கு நிகரான வெற்றியாகத் தெரிகிறது. பேச்சு என்றால் என்ன என்ற கேள்விக்கு ஓர் அரசு நிர்வாகம் தன் பழைய பதிலைத் திருத்தி எழுதியது.

ஒரு குறை இருந்தது. வாடகை விலக்குக்கு 2018 அக்டோபர் 1 வரை மட்டுமே ஆயுள். மறுபடியும் அலைந்தார்கள். கிளீசன் பெயரிலேயே வந்த இரண்டாவது மசோதாவின் உள்ளடக்கம், 2018 பிப்ரவரியில் நிறைவேறிய வரவுசெலவுச் சட்டத்துக்குள் சேர்ந்து நிரந்தரமானது. இந்த இரண்டாம் சுற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சிலைக்குரிய பாய்ச்சல் எதுவும் அதில் இல்லை. முதல் சுற்றில் வென்றதைக் காத்தது அதுதான்.

2014 கோடையில் உலகமே தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டது நினைவிருக்கும். அதுவும் ஏஎல்எஸ் நோய்க்காகத்தான். அமெரிக்க ஏஎல்எஸ் சங்கத்துக்கு மட்டும் 11.5 கோடி டாலர் திரண்டது, ஆய்வுகளுக்கு உண்மையாகவே உதவியது. அந்த வாளியையும் இந்தச் சட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். வாளி, நோயின் பெயரைத் தெரியாதவர்களுக்குத் தெரியவைத்தது. ஆனால் எவ்வளவு பணம் திரண்டாலும் ஒரு விதிமுறைப் புத்தகத்தின் வரி தானாக மாறாது. அதற்கு எந்த வரி, எந்தச் சொல், எந்தத் தேதி என்று சுட்டத் தெரிந்தவர்கள் வேண்டும், அவர்கள் பேச்சைக் கேட்கவைக்கும் ஒருவரும் வேண்டும்.

கண்ணால் ஓடும் நாற்காலி

அதே 2014இல் மைக்ரோசாஃப்ட் தன் ஊழியர்களுக்கு முதன்முறையாக நிறுவனம் முழுதுக்குமான ஹேக்கத்தான், அதாவது குழுக்களாகச் சேர்ந்து குறுகிய நேரத்தில் புதிய கருவிகளை உருவாக்கும் போட்டி, நடத்தியது. கிளீசன் அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினார். சக்கர நாற்காலியைக் கண்ணால் ஓட்ட வேண்டும், மகனோடு விளையாட வேண்டும், மனைவியோடு இன்னும் வேகமாக வாதாட வேண்டும். இதற்காகச் சேர்ந்த குழு முதல் பரிசை வென்றது, கிளீசன் நாற்காலியைக் கண்ணால் ஓட்டிப் பார்த்தார். 2017இல் விண்டோஸ் 10இலேயே கண் கட்டுப்பாடு ஒரு வசதியாக வந்தது.

ஆட்டத்தின் பொறுப்பு

இந்த நிகழ்வில் தவிர்க்கவே கூடாத கேள்வி ஒன்று உண்டு. அவரை அந்த ஆட்டமே நோயாளியாக்கியதா? ஒரு தனி மனிதரைக் காட்டி ஆம் என்றோ இல்லை என்றோ யாராலும் சொல்ல முடியாது. கூட்டமாகப் பார்த்தால் படம் கலங்கடிக்கிறது. 1959 முதல் 1988 வரையிலான காலத்தில் குறைந்தது ஐந்து பருவங்கள் ஆடிய 3,439 தொழில்முறை வீரர்களைப் பற்றி 2012இல் வெளியான ஆய்வு, அல்சைமராலும் ஏஎல்எஸ் நோயாலும் அவர்கள் இறந்தது பொதுமக்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்றது. 19,423 வீரர்களை எடுத்துக்கொண்ட 2021 ஆய்வும் ஏஎல்எஸ் விஷயத்தில் கிட்டத்தட்ட அதே மடங்கைக் கண்டது.

கிளீசனைப் போலவே ஏஎல்எஸ் தாக்கிய கெவின் டர்னர் என்ற வீரர் வேறு வழியில் போனார். தலை அடிகளின் ஆபத்தை, தொழில்முறை அணிகளின் அமைப்பான லீக் மறைத்தது என்ற வழக்கில் வீரர்களின் முதன்மை வாதிகளில் ஒருவராக நின்றார். அந்தச் சமரசத்தில் ஏஎல்எஸ் நோயாளிக்கு 50 லட்சம் டாலர் வரை இழப்பீடு ஏற்பட்டது. டர்னர் 2016 மார்ச்சில் இறந்தார். அவர் மூளையைப் பரிசோதித்த பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தலையில் விழும் தொடர் அடிகளால் வரும் சிடிஈ என்னும் மூளைச் சிதைவு கடுமையாக இருந்ததைக் கண்டார்கள்.

கிளீசன் ஆட்டத்தை எதிர்த்துப் போராட்டம் நடத்தவில்லை. இதற்காக அவர்மேல் வருத்தப்படுகிறவர்கள் உண்டு, எனக்கும் படிக்கும்போது அந்த வருத்தம் வந்தது. ஆனால் அவர் வாழ்க்கையில் ஒரு சொல்லுக்கு என்ன விலை என்று அறிந்த பிறகு, தன் சொற்களை எங்கே செலவழிப்பது என்று அவர் எடுத்த முடிவை நான் குறைசொல்ல மாட்டேன். கணக்குத் தீர்க்க வேண்டிய பொறுப்பு லீக்கினுடையது. அதை நோயாளியின் தோளில் ஏற்றுவது நியாயமில்லை.

என்னை உண்மையில் உறுத்துவது வேறு. மருத்துவமனைக்குள் நுழைந்தால் குரலைப் பறிக்கும் விதி தவறு என்று உணர்த்த, வெண்கலச் சிலை உள்ள ஒருவர் தேவைப்பட்டார். சிலை இல்லாத ஆயிரக்கணக்கானோரும் அதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பார்கள், கண்ணால், எழுத்து எழுத்தாக.

பிறகு

தொண்டையில் துளையிட்டு வெண்டிலேட்டரில் இணைந்து வாழ்வதைக் கிளீசன் தேர்ந்தெடுத்தார். அமெரிக்காவில் ஏஎல்எஸ் நோயாளிகளில் மிகச் சிலரே அதைத் தேர்கிறார்கள். இரவும் பகலும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்கான செலவைக் குடும்பமே பெரும்பாலும் தாங்க வேண்டும். மிஷெல் சுமந்ததை எந்தச் சட்டமும் தன் தலைப்பில் ஏற்றவில்லை. 2018இல் அவர்களுக்கு மகள் கிரே பிறந்தாள். 2020 ஜனவரி 15 அன்று நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் பெற்ற முதல் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரரானார் கிளீசன். நாடாளுமன்றக் கட்டடமான கேபிடலில் நடந்த அந்த விழாவில், கண்ணால் எழுதிய ஏற்புரையைக் கருவி வாசித்தது. 2024இல், நோய் தெரிந்து 13 ஆண்டுகள் கழித்து, விளையாட்டு உலகின் ஆர்தர் ஆஷ் வீர விருதும் கிடைத்தது.

மெடிகேர் காப்பீட்டில் இன்று பேச்சுக் கருவி பெறும் நோயாளி அதை முதல் நாளிலேயே சொந்தமாக்கிக்கொள்ளலாம். மருத்துவமனைக்கு மாற்றும்போது அது ஸ்ட்ரெச்சரோடு போகிறது. ஹாஸ்பிஸில் கடைசி வாரங்களிலும் கட்டிலுக்கு எதிரே, அவர் கண் எட்டும் தூரத்தில் நிற்கிறது.